வாசகர் கேள்விகள்: ஹான் சோலோ எங்கே போனார்?

போன இதழில் 'ஸ்பிளிண்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ' பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதி 1978-ல் வந்த, ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களை ஒட்டிய நாவல். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திட்டு, அதுவும் பெரும்பாலும் வடசென்னையிலிருந்து.

அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் 40 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைசிப் பக்கம் வரை தேடியும் ஹான் சோலோ வரவில்லையே சார்? (வாசகர், தண்டையார்பேட்டை)

40 ரூபாய்க்கு நாயகன் லூக், இளவரசி லேயா, வில்லன் டார்த் வேடர் மூன்று பேரும் வருகிறார்களே, அதுவரை லாபம்தான். விஷயம் என்னவென்றால், முதல் படம் சுமாராகப் போனால் குறைந்த செலவில் அடுத்த படம் எடுத்துவிடலாம் என்ற யோசனையில்தான் இந்தக் கதையை எழுதச் சொன்னார்கள், சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அப்போது இரண்டாவது படத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, அதனால் சோலோ கிடையாது. கதை நடக்கும் மிம்பான் கிரகம் முழுக்க மூடுபனியாக இருப்பதும் அதற்காகத்தான். பனி மூடிவிட்டால் பின்னால் செட் போட வேண்டாம் பாருங்கள்! தொடக்கத்தில் ஃபாஸ்டர் எழுதியிருந்த விண்வெளிச் சண்டையையும் செலவு கருதி, படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் நீக்கச் சொல்லிவிட்டார். ஆனால் 1977-ல் படம் போட்ட போட்டில் இந்த யோசனையே தேவைப்படாமல் போனது.

எனக்கு மிம்பானின் சேறு பிடித்திருந்தது. லூக்கும் லேயாவும் அதில் விழுந்து புரண்டு சண்டைபோடும் இடத்தை, வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற ஒரு நாள், நகராத பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்கி நடந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு போனார்கள். ஃபாஸ்டர் மிகைப்படுத்தவில்லை என்று தோன்றியது.

லேயாவை லூக் ரசிக்கிற வரிகளைப் படிக்கவே கூசுகிறது. இரட்டைப் பிள்ளைகள் ஆயிற்றே! (வாசகி, பெரம்பூர்)

கூசத்தான் செய்யும். ஆனால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்ததே 1983 படத்தில்தான், ஐந்து வருடம் முன்னால் எழுதியவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? உண்மையில் இந்த நாவலின் ருசியே அங்கேதான் இருக்கிறது, கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் எழுதியது. கடைசிச் சண்டையில் லூக் வேடரின் கையை வெட்டுகிறான், 1980 படத்தில் கை போவது லூக்குக்கு. லேயா வாளெடுத்து வேடரோடு மோதுகிறாள், 1977, 1980, 1983-ல் வந்த மூன்று படங்களிலும் அவளுக்கு அப்படி ஒரு காட்சியே கிடையாது. அதற்காகவாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்களேன்.

2014-ல் பழைய நாவல்கள் எதுவும் கணக்கில் வராது என்று அறிவித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? (வாசகர், கொருக்குப்பேட்டை)

'லெஜண்ட்ஸ்' என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்தார்கள், வாஸ்தவம். அப்படியும் 2018-ல் வந்த சோலோ படத்தில் இளவயது ஹான் சண்டைபோடுவது எந்தக் கிரகத்தில்? அதே மிம்பான், அதே சேறு. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஆளையே கொண்டுபோய் அதில் இறக்கிவிட்டார்கள்.

ஸ்டார் வார்ஸ் எதுவுமே பார்த்ததில்லை. இந்த நாவலில் தொடங்கலாமா? (வாசகர், எண்ணூர்)

வேண்டாம். முதலில் 1977 படம், அப்புறம் இது, அதற்கப்புறம்தான் 1980 படம். நடுவில் வீட்டில் யாரும் அடுத்த படத்தைப் போட்டுவிடாமல் ரிமோட்டை ஒளித்துவைப்பது உங்கள் பாடு.