பூசண வாடை அடித்த மக்காச்சோள மாவு

பூசண வாடை அடித்த மக்காச்சோள மாவை ஒரு வாரம் குடும்பத்தோடு உண்டுவிட்டதால் குழந்தைகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். ஒரு வார உணவு அதற்குப் போதாது. பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சுதான். ஆனால், நஞ்சேறிய தானியத்தையே ஆண்டுக்கணக்கில் அன்றாட உணவாகக் கொள்பவர்களுக்கு, அதிலும் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு, வரும் ஆபத்து அது. நீங்கள் எழுதியிருக்கும் முடி உதிர்வதற்கும் கை மரத்துப்போவதற்கும் இந்த மாவு காரணமல்ல.

உடனடி ஆபத்து வேறு. நஞ்சு மிகுந்த தானியத்தைத் தொடர்ந்து உண்டால், சில நாள்களிலோ வாரங்களிலோ கல்லீரல் செயலிழக்கக்கூடும். 2004-இல் கென்யாவில், ஈரம் போகாமல் சேமித்த மக்காச்சோளத்தை உண்டு நோயுற்ற 317 பேரில் 125 பேர் இறந்தனர். 1974-இல் குஜராத், ராஜஸ்தான் ஊர்களில் இதே நஞ்சு பரவியபோது நாய்களுக்கும் நோய் கண்டது. ஆகவே கண்ணின் வெண்மையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, வாந்தியோடு வயிறு உப்பினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் இருவருக்கு ஒரே சமயத்தில் மஞ்சள் காமாலை கண்டால், மாவைப் பற்றி மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும். நோயாளி தூக்கக் கலக்கமாக இருந்தாலோ பிதற்றினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

இணையத்தைப் பார்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் கரித்தூளை இன்றே நிறுத்துங்கள். சென்ற வாரமே குடலைக் கடந்துவிட்ட நஞ்சை அது எப்படி உறிஞ்சும்? "கல்லீரலைச் சுத்தம் செய்யும்" பொடிகளோ, சில வேளைகளில் அவையே கல்லீரலைக் கெடுத்து நோயாளியை என்னிடம் அனுப்பிவைக்கின்றன. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது.

வறுத்தால் மாவு சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூஞ்சை சாகலாம், அது சுரந்த நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுவதும் அழியாது. அதற்கென்று மணமோ சுவையோ இல்லாததால், வாடை போய்விட்டது என்பதும் ஆறுதலாகாது. மாவைப் பசுவுக்குப் போட்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும், ஆதலால் கொட்டிவிடுங்கள்.

மன நிம்மதிக்காகக் கல்லீரல் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளலாம். புற்றுநோய்ப் பரிசோதனைகள் வேண்டாம். அதற்குப் பதிலாக, குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.