ஃபேன்டசி பேஸ்பாலை ஒரு சீசன் முழுவதும் ஆடுவதால் என்ன கிடைக்கும்?

நியூ ஜெர்சியில் என் அலுவலக நண்பர்கள் நடத்தும் பன்னிரண்டு பேர் கொண்ட லீக்கில், 2024ஆம் ஆண்டு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒரு வாரமும் விடாமல் ஆடினேன். அமெரிக்க பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி ஒன்றை அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் கணக்குகளால் புள்ளி பெறும் விளையாட்டு இது. அதற்காக ஆறு மாதம் செலவழிப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசுப் பணம் ஒரு பொருட்டே அல்ல. நான் கால் வைத்தே இராத ஊர்கள் சிலவற்றின் மீது எனக்கு உண்மையான அக்கறை பிறந்தது. அதைத்தான் பெரிய லாபமாகக் கருதுகிறேன்.

ஒரே ஆட்டத்துக்கு அணி அமைக்கும் கிரிக்கெட் செயலிகளில் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டின் போக்கு முதலில் மந்தமாகத் தோன்றும். 1980ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய இந்த முறைக்கு, அவர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகத்தை ஒட்டி ‘ரோட்டிசெரி’ என்று பெயர் வந்தது. ஒவ்வொருவரும் கற்பனையாக 260 டாலர் வைத்துக்கொண்டு ஏலத்தில் 23 வீரர்களை எடுக்க வேண்டும். ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது), ஸ்டோலன் பேஸ் (யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி அடுத்த பேஸை, அதாவது அடுத்த நிலையை, பிடிப்பது), பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் பங்கு) என மட்டையாளர்களுக்கு ஐந்து கணக்குகள். பந்துவீச்சாளர்களுக்கு ஐந்து கணக்குகள். எங்கள் லீக்கில் ஒவ்வொரு கணக்கிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. நிஜ அணிகள் ஒவ்வொன்றும் 162 ஆட்டங்கள் ஆடுவதால், ஒரு நல்ல நாளும் ஒரு கெட்ட நாளும் அந்த நீளத்தில் கரைந்துபோகின்றன.

கரையாத நாட்களும் உண்டு. என் ஏலப் பணத்தில் மிகப் பெரிய பங்கை அட்லாண்டா அணியின் ரொனால்ட் அகுன்யா மீது போட்டிருந்தேன். 2023இல் 41 ஹோம் ரன் அடித்து, 73 பேஸ்களைத் திருடியவர் அவர். மே 26, ஞாயிற்றுக்கிழமை. பிட்ஸ்பர்க்கில் முதல் இன்னிங்ஸிலேயே ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரை ஓடி (அதற்கு டபுள் என்று பெயர்) அங்கே நின்றார். மூன்றாம் பேஸை நோக்கி நாலைந்து அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது, யாரும் தொடாமலேயே அவருடைய இடது முழங்கால் மடங்கியது. அதை நேரலையில் பார்த்தேன். அவர் தரையில் அமர்ந்து முழங்காலைச் சுட்டிக்காட்டிய நொடியிலேயே சீசன் முடிந்தது என்று புரிந்துவிட்டது. 2021இல் வலது முழங்காலில் இதே போலத் தசைநார் கிழிந்து, மீண்டு வந்தவர் அவர். அன்று மாலை என் புள்ளிப் பட்டியலை நான் திறக்கவே இல்லை. அந்த மனிதரை நினைத்துத்தான் வருந்தினேன்.

அதன் பிறகு என் அணியைத் தாங்கியவர்கள் இருவர். கான்சாஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியர் .332 சராசரியும் 32 ஹோம் ரன்னும் எடுத்தார். ஏலத்தின் பிற்பகுதியில் ஐந்து டாலருக்குக் கிடைத்த ஓக்லண்டின் பிரென்ட் ரூக்கர் 39 ஹோம் ரன்னும் 112 ஆர்பிஐயும் (தன் ஆட்டத்தால் அணிக்குக் கிடைக்கச் செய்த ரன்கள்) குவித்தார். இவர்கள் இருவரின் வழியாகத்தான் அரசியல் உள்ளே வந்தது.

அது அதிபர் தேர்தல் ஆண்டு. ஜூலை 21 ஞாயிறு பிற்பகல், அடுத்த வாரத்துக்கான வரிசையை நான் அமைத்துக்கொண்டிருந்தபோது, ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகுகிறார் என்ற செய்தி வந்தது. எங்கள் லீக்கில் இரு கட்சியினரும் இருப்பதால், கட்சிப் பேச்சு குழுவுக்குள் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆனால் மைதானம் கட்ட மக்களிடம் வசூலிக்கும் வரி பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதில் கட்சி எல்லைகள் குலைந்துபோவதை வியப்போடு கவனித்தேன்.

பாபி விட்டுடன் கான்சாஸ் சிட்டியின் ராயல்ஸ் அணி 2024 பிப்ரவரியில் 11 ஆண்டுகளுக்கு 28.87 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. ஏப்ரல் 2 அன்று, அந்த அணிக்குப் புதிய மைதானம் கட்டவும் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்கவும் டாலருக்கு 3/8 சென்ட் விற்பனை வரியை 40 ஆண்டுகளுக்கு வசூலிக்கலாமா என்று கான்சாஸ் சிட்டியை உள்ளடக்கிய ஜாக்சன் கவுன்டி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். அணியின் மீது அன்பில்லாமல் அல்ல. புதிய மைதானத்துக்காகக் குறித்திருந்த பகுதியில் சிறு கடைகள் இருந்தன, இருக்கும் மைதானமும் பலருக்குப் பிடித்திருந்தது. மைதானங்களுக்குக் கொடுக்கும் பொதுப் பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளியலாளர்களிடையே பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு. அந்த வாக்காளர்கள் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். முந்தைய ஆண்டு 106 ஆட்டங்களில் தோற்றிருந்த ராயல்ஸ், அந்த ஆண்டு பிளேஆஃபுக்கே (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுக்கு) போனது.

ஓக்லண்டின் கதை வேறு. கூடைப்பந்து அணி 2019இலும் அமெரிக்கக் கால்பந்து அணி 2020இலும் ஊரைவிட்டுப் போய்விட்டன. மிஞ்சியிருந்த பேஸ்பால் அணிக்கு, லாஸ் வேகஸில் மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் கொடுக்க நெவாடா மாநிலம் 2023 ஜூனில் சட்டம் இயற்றியது. அதே மாதம் ஓக்லண்ட் ரசிகர்கள், அணியை விற்றுவிடுங்கள் என்று உரிமையாளரைக் கோரும் பச்சைச் சட்டைகளோடு 27,759 பேராகத் திரண்டார்கள். பலன் இல்லை. வாக்களிக்கும் வாய்ப்பு கான்சாஸ் சிட்டி மக்களுக்குக் கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வேறுபாடு என்னை இன்னும் உறுத்துகிறது.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை, ஓக்லண்டின் கொலிசியம் மைதானத்தில் அந்த அணியின் கடைசி ஆட்டம். எனக்கோ ஹோம் ரன் கணக்கில் இரண்டாம் இடமா மூன்றாம் இடமா என்ற இழுபறி. ரூக்கர் மட்டையோடு வரும்போதெல்லாம் அதற்காகவே பார்க்கத் தொடங்கி, சற்று நேரத்தில் அதை மறந்துவிட்டு, இருக்கைகளில் அழுதுகொண்டிருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 46,889 பேர் வந்திருந்தார்கள். டெக்சஸ் அணியை 3-2 என்று வென்றதும் ஓக்லண்ட் மேலாளர் மார்க் கோட்சே ஒலிவாங்கியை வாங்கி ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு ஊரின் பெயரைச் சொல்லிக் கடைசியாக ஒருமுறை அவர்களோடு சேர்ந்து முழக்கமிட்டார்.

நான் மூன்றாம் இடத்தில் முடித்தேன். அடுத்த மார்ச் ஏலத்தில் ரூக்கரை மீண்டும் எடுத்தேன், இம்முறை 22 டாலருக்கு. லாஸ் வேகஸ் மைதானம் தயாராகும்வரை அந்த அணி சேக்ரமென்டோவில் ஆடுகிறது, ஆனால் எந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளாமல் ‘அத்லெட்டிக்ஸ்’ என்று மட்டுமே தன்னை அழைத்துக்கொள்கிறது. ஏலப் பட்டியலில் மற்ற வீரர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஊரின் சுருக்கம் இருந்தது. ரூக்கர் பெயருக்குப் பக்கத்தில் இல்லை.