வான் கூரை ஒழுகினால் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கட்டிலும் சின்னக் குசினியும் பூட்டி, படுத்துப் பயணிக்கிற மாதிரி மாற்றிய பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, நிலாவெளிக்கு வரும் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். கூரையில் காற்றுப் போக, விசிறியோடு மூடி போட்ட ஒரு வென்ட் இருக்கிறது. போன மாரியில் அதன் பக்கமாக ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. கராஜில், "மேலால சிலிக்கோன் அடிச்சு விட்டாச் சரி" என்கிறார்கள். கனடாவில் உள்ள அண்ணா, புது வென்ட் வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பட்டா என்று கேட்கிறார். எதற்குக் காசு செலவழிப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். எது ஒழுகுகிறது என்று தெரியாமல் வாங்கினால், புது வென்ட்டுக்குக் கீழேயும் அதே தண்ணீர் சொட்டும்.

ஒருவரை உள்ளே இருத்திவிட்டு, நீங்கள் ஏணியில் ஏறி ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கார் கழுவும் பிரஷர் மெஷின் வேண்டாம், அது நல்ல சீலுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். முதலில் வென்ட்டைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ் ஓரம், அப்புறம் பக்கங்கள், கடைசியாக மூடி. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பொறுங்கள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். உள் சீலிங்குக்கும் தகரத்துக்கும் இடையில் தண்ணீர் ஓடி வந்து, இரண்டு அடி தள்ளியும் சொட்டும்.

மூடியில் மட்டும் வெடிப்பு என்றால் செலவு குறைவு. வெயிலில் கிடந்த பழைய பிளாஸ்டிக் மூடி சுண்ணாம்பு பூசியது போல வெளிறி, விரலால் அமர்த்தினாலே நொருங்கும். மூடி தனியாகவே விற்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பனியின் பிணைச்சலும் ஒவ்வொரு விதம். ஆகவே அண்ணாவுக்கு அளவை மட்டும் சொல்லாமல், பிணைச்சலைக் கிட்ட வைத்து எடுத்த படமும் அனுப்புங்கள். பொலிகார்பனேற் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த மூடி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள்.

சட்டமே வெடித்திருந்தால் அல்லது விசிறி மோட்டர் போயிருந்தால் முழு வென்ட்டையும் மாற்றலாம். வட அமெரிக்காவில் இவற்றுக்கான துளை பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம், ஏறக்குறைய 356 மில்லிமீற்றர். உங்கள் வானில் துளை வெட்டியவர் எந்த அளவில் வெட்டினாரோ தெரியாது, உள்ளே இருந்து அளந்து பாருங்கள். கூரையின் தடிப்பையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். விசிறி 12 வோல்ற் என்பதால் கனடாப் பொருள் உங்கள் பற்றரியிலேயே ஓடும். (கூரை ஏசியும் அனுப்பட்டா என்று அண்ணா கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230.)

ஆனால் என் அனுபவத்தில் அநேகமாகக் குற்றவாளி மூடியும் இல்லை, விசிறியும் இல்லை. சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் காய்ந்து விட்டுப்போன சீல்தான். அதற்கு மேல் சிலிக்கோன் அடிப்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. வினாகிரி மணம் வரும் மலிவுச் சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும், அது வெறும் இரும்பை அரிக்கும். அதைவிடத் தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. என் வீட்டு யன்னல் ஓரத்தில் ஒருமுறை பூசிவிட்டு, அடுத்த வருசம் பிளேட்டால் சுரண்டிச் சுரண்டி இரண்டு நாள் போனது.

நீங்கள் வாங்க வேண்டியது பியூட்டைல் ரேப் (இரண்டு பக்கமும் ஒட்டும் மெதுவான ரப்பர் பட்டி) ஒரு சுருள், கூரைக்குரிய சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) ஒரு ரியூப், துருப்பிடிக்காத ஸ்டெயின்லஸ் ஸ்குறூ. கடற்கரையில் ஓடும் வாகனத்துக்குச் சாதாரண ஸ்குறூ போட்டால், தலையைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம் வர அதிக நாள் எடுக்காது. சீலன்டில் தானாகப் பரவிச் சமப்படும் வகை, தட்டையான கூரைக்கு நல்லது. அது இங்கே கிடைக்காவிட்டால் பொலியூரித்தேன் சீலன்ட் எடுக்கலாம். பைபர் படகு திருத்துபவர்களிடம் விசாரியுங்கள், அவர்களுக்கு அது பழகிய சாமான். பிளாஸ்டிக்குக்கு ஏற்றதா என்று மட்டும் ரியூபில் பாருங்கள்.

வேலையின் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். பழையதை முழுதாகச் சுரண்டி, அற்ககோலால் துடைத்து, துரு இருந்தால் தேய்த்துப் பிரைமர் பூசிக் காயவிடுங்கள். சட்டத்தின் அடியில் ரேப்பை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஸ்குறூக்களைக் குறுக்குமறுக்காக, அளவுக்கு மீறி முறுக்காமல் இறுக்குங்கள். ஓரத்தால் ரேப் ஒரே அளவாகப் பிதுங்கி வந்தால் சரி. அடுத்த நாள் மத்தியான வெயிலில் அது இளகியிருக்கும், அப்போது ஸ்குறூக்களை இன்னும் கால்வாசிச் சுற்று திருப்புங்கள். பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தையும் ஒவ்வொரு ஸ்குறூத் தலையையும் சீலன்டால் மூடுங்கள். வாடை தொடங்கிய பிறகு காய்ந்த கூரை கிடைப்பது கஷ்டம், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சீலன்ட் ரியூப் வாங்கினேன். சீலன்ட் அடிக்கும் துப்பாக்கியில் வைத்து அமர்த்தினால் வெளியே வரவில்லை, உள்ளேயே இறுகிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்கிறார். பில்லும் தரவில்லை.

பதில்: இந்தச் சாமானுக்கு ஆயுள் உண்டு, பல வகைகளுக்கு ஒரு வருசம்கூட இல்லை. தகரக் கூரைக் கடையில் வெக்கையில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். வாங்கும்போதே திகதியைப் பார்த்து, ரியூபை விரலால் அமர்த்திப் பார்க்க வேண்டும். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது, போய்க் கேளுங்கள். முடியாது என்றால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்தில் முறையிடுவதென்றால் வாங்கி 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும். அதுவரை அந்த ரியூபை எறிந்துவிடாதீர்கள், திகதி அதில்தான் இருக்கிறது.