எட்டு நொடியில் முடங்கும் கீபோர்டு

கேள்வி: டி.டி.பி. மையம் ஒன்றில் திருமண அழைப்பிதழ்களைத் தட்டச்சு செய்கிறேன். கையெழுத்துப் பிரதியைப் படிப்பதற்காகச் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், சில வேளைகளில் கீபோர்டில் எதைத் தட்டினாலும் எழுத்து விழுவதில்லை; அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது. புதிய கீபோர்டு வாங்கி மாட்டியும் பயனில்லை. என்ன காரணம்?

பதில்: உங்கள் கீபோர்டில் பழுது எதுவும் இல்லை. பிரதியைப் படிக்கும்போது உங்கள் வலக்கைச் சுண்டுவிரல் ஷிப்ட் விசையின் மேல் அழுந்தியபடியே இருந்திருக்கும். விண்டோஸ் கணினியில் வலப்பக்க ஷிப்டை 8 நொடிகள் அழுத்திப் பிடித்தால், ‘ஃபில்டர் கீஸ்’ என்னும் வசதியை இயக்கலாமா என்று கேட்கும் சிறு பெட்டி திரையில் தோன்றும். வேலை மும்முரத்தில் அதைப் படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிவிட்டால், அதன்பின் மெல்லிய, விரைவான தட்டல்களைக் கணினி பொருட்படுத்தாது.

கை நடுக்கம் உள்ளவர்கள் ஒரு விசையைத் தொடப்போய்ப் பக்கத்து விசையையும் தட்டிவிடுவதுண்டு. அவர்களுக்காகவே இது அமைந்தது. ஷிப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதியோ (சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவுவது), ஒற்றைக் கையாலோ வாயில் கவ்விய குச்சியாலோ தட்டச்சு செய்பவர்களுக்கானது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இலேயே இவை இரண்டும் இருந்தன. இவற்றுக்குக் குறுக்குவழி வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். தட்டச்சே செய்ய இயலாத ஒருவர் அமைப்புகளுக்குள் தேடிச் சென்று ஒரு வசதியை எப்படி இயக்குவார்? ஆனால், கணினியை முதன்முதலில் அமைக்கும் நாளிலேயே இந்தக் குறுக்குவழி வேண்டுமா என்று தெளிவாகக் கேட்டிருந்தால், தேவையில்லாதவர்கள் இப்படிக் காரணம் தெரியாமல் தவிக்க நேர்ந்திராது. அந்தப் பெட்டியும், ‘இனி விசைகளை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும்’ என்று ஒரு வரி பளிச்செனச் சொல்லியிருக்க வேண்டும்.

மீண்டும் இப்படி நேர்ந்தால், வலப்பக்க ஷிப்டை இன்னொரு முறை 8 நொடிகள் பிடியுங்கள், சரியாகிவிடும். நிரந்தரமாகத் தவிர்க்க, விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ஆக்சஸிபிலிட்டி’யில் ‘கீபோர்டு’ பகுதியைத் திறந்து, ‘ஃபில்டர் கீஸ்’ என்பதன்கீழ் உள்ள குறுக்குவழியை மட்டும் அணைத்துவிடுங்கள். அதே கணினியில் வேறு யாரேனும் வேலை செய்தால், அவருக்கு அது தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கீபோர்டை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள்.