அணையாத செக் இன்ஜின் லைட்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கேட்டவை

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை டேஷ்போர்டில் எரியும் செக் இன்ஜின் விளக்கைப் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரில் (கார் கணினியில் பதிவானதைப் படிக்கும் கருவியில்) தெரியும் கோட், கெட்டுப்போன உதிரிபாகத்தின் பெயர் அன்று. இன்ஜின் கணினி ஓட்டத்தின்போது நடத்தும் சோதனைகளில் எது தேறவில்லை என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது.

கேள்வி: ஐயா, என் ஆறு சிலிண்டர் ஜெர்மன் காரில் பி0420 என்ற கோட் வருகிறது. ஒர்க் ஷாப்பில் அழித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் விளக்கு எரிகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். செலவு லட்சத்தைத் தாண்டும் போலிருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புகையைச் சுத்திகரிக்கும் இந்தக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் இன்னொன்றும் உள்ளன. கன்வெர்ட்டரின் உள்பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுடன் சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. இது ஆக்சிஜனைச் சேர்த்து வைத்துக்கொண்டு, குறையும்போது வெளிவிடுகிறது. எனவே கன்வெர்ட்டருக்குள் நுழையும் புகையில் ஆக்சிஜன் கூடியும் குறைந்தும் வந்தாலும், பின்னால் இருக்கும் சென்சாரின் அளவு பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கினால், சேமிக்கும் திறன் போய்விட்டது என்று கணினி முடிவுகட்டி பி0420ஐப் பதிவு செய்கிறது. பொதுவாக அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் சோதனை தேறாவிட்டால்தான் விளக்கு எரியும். அந்தச் சோதனை நடப்பதற்கே இன்ஜின் நன்கு சூடாகிச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் விளக்கு திரும்பி வர இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் இதுவே. இடைப்பட்ட நாட்களில் கார் குணமாகியிருந்தது என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: காரை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, இன்ஜினை 2500 ஆர்.பி.எம்-இல் சீராக ஓடவிட்டு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பின் சென்சாரை மட்டும் கவனியுங்கள். 0.6 முதல் 0.8 வோல்ட்டுக்குள் ஏறக்குறைய நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் இன்னும் வேலை செய்கிறது. அப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ பைப் இணைப்பிலோ கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். சிறு விரிசல்கூட வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சென்சாரை ஏமாற்றிவிடும். மாறாக 0.1க்கும் 0.8க்கும் இடையே விடாமல் ஊசலாடினால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போதும் அது ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். ஆயில் எரிக்கும் இன்ஜினோ, ஒழுகும் இன்ஜெக்டரோ, நாள்பட்ட மிஸ்ஸிங்கோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருந்தால், புதிதாகப் போடுவதும் அதே கதியை அடையும். உங்கள் காரில் இரண்டு பேங்க் (சிலிண்டர் வரிசை) இருந்து, இரண்டாவது பேங்க்குக்கான பி0430ம் கூடவே வந்தால், இரண்டு கன்வெர்ட்டர்களும் ஒரே வாரத்தில் கெட்டன என்று நம்புவதைவிட இரண்டுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுவதே அறிவு.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. முந்தைய உரிமையாளர் சத்தத்துக்காக கன்வெர்ட்டர் இல்லாத டவுன் பைப் (புகைக் குழாய்) பொருத்தியிருக்கலாம். காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அப்படியானால் கோட் சொல்வது முழு உண்மை. எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது போகாது.

கேள்வி: ஈ.சி.ஆரில் ஒரு பேருந்தை முந்தும்போது என் முஸ்டாங் குலுங்கியது, விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வேகத்தைக் குறைத்ததும் மின்னுவது நின்று நிலையாக எரிகிறது. வீடு வரை ஓட்டி வந்தது தவறா? (காலாப்பட்டு வாசகர்)

பதில்: மெதுவாக ஓட்டி வந்திருந்தால் தவறில்லை. மின்னிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தால் தவறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதை உருக்கும் அளவுக்குச் சூடேற்றும் நிலையில்தான் விளக்கு மின்னுகிறது.

முந்தும்போது மட்டும் மிஸ்ஸிங் வருவது ஒரு நல்ல துப்பு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் பொறி விட அதிக வோல்ட்டேஜ் தேவை. அந்த வோல்ட்டேஜைத் தரும் காயில் தளர்ந்திருந்தாலும், பிளக்கின் இடைவெளி அகன்றிருந்தாலும் அங்கேதான் தோற்றுப்போகும். பி0306 வந்தால் ஆறாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் காரணம். ஆறிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். எண்களில் குழப்பம் வேண்டாம்: ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்க்க, முஸ்டாங்கின் வி8 இன்ஜினில் 1 முதல் 4 வரை வலப்பக்கமும் 5 முதல் 8 வரை இடப்பக்கமும் உள்ளன. போர்ஷே 911இல் 1 முதல் 3 வரை இடப்பக்கம், மற்ற மூன்றும் வலப்பக்கம். இது தெரியாமல் நல்ல காயிலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

கேள்வி: கடலூரில் இருப்பதால் பெட்ரோல் போடப் புதுச்சேரி எல்லைக்குப் போவது வழக்கம். போன கையோடு வாய் வரை நிரப்பிவிடுவேன். நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது. சில நாட்களில் விளக்கும் எரிகிறது. கலப்பட பெட்ரோலா? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் நிரப்பும் பழக்கத்தைச் சந்தேகியுங்கள். டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்க, கரித்துண்டுகள் நிறைந்த கேனிஸ்டர் ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும். பம்பின் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் இரண்டு முறை, மூன்று முறை அழுத்தி நிரப்பினால், ஆவிக்குப் பதில் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். பர்ஜ் வால்வும் முழுதாக மூடாமல் நின்றால், பெட்ரோல் போட்டவுடன் தேவைக்கு மேல் ஆவி உள்ளே போய் ஸ்டார்ட்டிங் சிரமம் வரும்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்விலிருந்து கேனிஸ்டர் பக்கம் போகும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரல் வையுங்கள். வால்வின் கப்ளரைக் (மின் இணைப்பானைக்) கழற்றிய பிறகும் உறிஞ்சுதல் தெரிந்தால் அது மூடவில்லை. மாற்றச் செலவு அதிகமில்லை. நனைந்த கேனிஸ்டர் மீள்வது அரிது. விலை வித்தியாசத்துக்காக எல்லை தாண்டுவதில் தவறொன்றும் இல்லை. முதல் 'கிளிக்'கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு. காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். பி0171, பி0174 இரண்டும் வருகின்றன. ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றியும் பயனில்லை. (புதுச்சேரி வாசகர்)

பதில்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று இரண்டு பேங்க்குகளும் புகார் சொல்கின்றன. சென்சாரை வாங்கும் முன் ஃப்யூயல் ட்ரிம் அளவைப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். கணக்கிட்ட அளவைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்பதைக் கணினி அதில் காட்டுகிறது. ஐடிலில் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்.பி.எம்-இல் 4 சதவீதமாகக் குறைந்தால், எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சிறு ஓட்டையும் பெரிய பங்காகத் தெரியும். வேகத்தில் அது கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக வேகம் கூடக்கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் பம்பின் அழுத்தமோ ஏர் ஃப்ளோ சென்சாரோதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்டேக்கில் புகை செலுத்திப் பார்ப்பதே சிறந்த வழி. ஆறு நாள் நிற்கும் காரில் முதல் சந்தேகம் குழாயைக் கடிக்கும் எலிமேல். இரண்டாவது, வெயிலில் வெடித்த ரப்பர் குழாய்கள். மூன்றாவது, ஜெர்மன் இன்ஜின்களில் அடிக்கடி கிழியும் கிராங்க்கேஸ் வென்ட்டிலேஷன் டயஃப்ரம் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் அமைப்பின் ரப்பர் சவ்வு). ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு உள்ளே இழுத்துப் பிடித்தால் அந்த டயஃப்ரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்புக்காற்றின் வேலையையும் மறக்க வேண்டாம். கப்ளர்களின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, எர்த் வயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் இடையே மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கடலோரக் கார்களில், காரணமே புரியாமல் வந்துபோகும் கோட்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் விளக்கு எரியுமா? (கோரிமேடு வாசகர்)

பதில்: தனியாக எரிய வைப்பது அரிது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20க்கு ஏறக்குறைய 13.5 போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்கு வடிவமைத்த இன்ஜினில் ட்ரிம் எட்டு, ஒன்பது சதவீதம் வரை மேலேறி நிற்கும். முந்தைய கேள்வியில் சொன்னது போன்ற சிறு கசிவு ஏற்கெனவே இருந்தால், அதுவரை மறைந்திருந்த குறை இப்போது வரம்பைத் தாண்டி விளக்காகத் தெரியும். சரிசெய்ய வேண்டியது அந்தக் கசிவை. ஆனால் பழைய கார்களின் ரப்பர் பாகங்களை எத்தனால் பாதிப்பது வேறு கதை. அதற்குக் காரின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது காரின் படி வரை தண்ணீர் நின்றது. அதிலிருந்து பி0141 வந்துவந்து போகிறது. (வெங்கட்டா நகர் வாசகர்)

பதில்: பின் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். ஃபியூஸைப் பாருங்கள், பிறகு காரின் அடிப்பக்கம் உள்ள கப்ளரைத் திறந்து பாருங்கள். தாழ்வான கார்களில் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். உள்ளே ஈரமோ பச்சையோ இருந்தால் பின்னையும் வயரையும் மாற்றுங்கள். ஆனால் அந்தக் கப்ளரில் கிரீஸோ கிளீனர் ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம். பல ஆக்சிஜன் சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை வயரின் வழியாகத்தான் பெறுகின்றன. ஸ்ப்ரேயின் ஆவி அதில் கலந்தால் சென்சார் பொய் சொல்லத் தொடங்கும்.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். விளக்கு எரியவில்லை. விற்பவர் அழித்துவிட்டுக் காட்டுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அந்த நிலையில் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும்; எரியாவிட்டால் அதை யாரோ மறைத்திருக்கலாம். பிறகு ஒரு சாதாரண ஸ்கேனரைக்கூட மாட்டி, கணினியின் எந்தெந்தச் சோதனைகள் முடிந்தன என்று காட்டும் ரெடினெஸ் பக்கத்தைத் திறக்கவும். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. கோட் அழித்த பின் ஓடிய கிலோமீட்டரையும் பல கார்களின் கணினி தனியே எண்ணி வைத்திருக்கும். அது 15 என்று காட்டினால், விற்பவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு திண்டிவனம் வரை ஒருமுறை ஓட்டி வந்து, மறுபடியும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.