பதினாறு இஞ்சு இடுப்பும் பாட்டியோட பயமும்

போன இதழ்ல கல்யாண கவுன் தைக்கிறத பத்தி எழுதினேன் இல்லையா, அதுல கார்செட்னு, அதாவது அந்த காலத்து ஐரோப்பிய பொம்பளைங்க மார்புலேந்து இடுப்பு வரைக்கும் கயிறு கட்டி போட்ட விறைப்பான உடுப்பு பத்தி, ஒரே ஒரு வரிதான் வந்துச்சி, அதுக்கே இவ்ளோ கேள்வி. அதனால பிளவுஸ், சுடிதார் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இந்த முறை கார்செட் மட்டும் எடுத்துக்கறேன். முத்தியால்பேட்டையில முப்பது வருஷமா தையல் மெஷின்ல உக்காந்திருக்கேன், இந்த உடுப்ப நானே வெட்டி தைச்சி போட்டும் பாத்திருக்கேன், அதோட வரலாறு மேல எனக்கு ரொம்ப பிரியம்.

அக்கா, என் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். பாண்டி ஒயிட் டவுன்ல போட்டோஷூட்டுக்கு, பின்னாடி கயிறு கட்டுற கார்செட் கவுன் வாடகைக்கு எடுத்திருக்கோம். எங்க மாமியார் அத பாத்துட்டு, அந்த காலத்து வெள்ளைக்காரிங்க இத இறுக்கி இறுக்கி 16 இஞ்சு இடுப்பாக்கி மூச்சு முட்டியே செத்தாங்களாம், என் பேத்திக்கு வேணாம்னு ஒரே பிடிவாதம். நெசமாவா?
– வாசகி, திருப்பாப்புலியூர், கடலூர்

மாமியார் பயப்படறதுல தப்பே இல்லம்மா, சினிமா நமக்கு காட்டினது அதான், ஒரு பொண்ணு கட்டில் தூண பிடிச்சிகிட்டு நிப்பா, பின்னாடி வேலைக்காரம்மா முதுகுல முட்டி குடுத்து கயித்த இழுப்பாங்க. ஆனா அந்த 16 இஞ்சு எங்கேந்து வந்துச்சின்னு பாரு. மியூசியத்துல இருக்கிற கார்செட்ட ரெண்டு ஓரமும் சேர மூடி டேப் வச்சா 20 இஞ்சு வரும்னு வை, போடுறப்போ யாரும் அப்டி முழுசா மூட மாட்டாங்க, முதுகுல ரெண்டு மூணு இஞ்சு இடைவெளி விட்டுதான் கயிறு கட்டுவாங்க, அப்போ உள்ள இருக்கிற இடுப்பு 22, 23 ஆயிடுது இல்ல? 19ம் நூற்றாண்டு விளம்பரங்கள்ல 18லேந்து 30 இஞ்சு வரைக்கும் சைஸ் போட்டிருக்கும், அதுக்கு மேலயும் தைச்சிருக்காங்க. எல்லாருக்கும் 16 இஞ்சு இடுப்புன்னா 30 இஞ்சு யாருக்கு தைச்சாங்க? அதுவும் இல்லாம மிஞ்சி நிக்கிறது எப்பவும் சின்ன உடுப்புதான், நம்ம வீட்டு பீரோவுலயே பாரு, இருபது வயசுல தைச்ச கல்யாண பிளவுஸ் அப்டியே இருக்கும், தினம் போட்ட பிளவுஸ் எப்பவோ கரித்துணி ஆயிருக்கும்.

இன்னொன்னு, இடுப்பு சின்னதா தெரியறதுக்கு இடுப்ப நசுக்கணும்னே இல்ல. இடுப்புக்கு கீழ பேட் வச்சி கட்டுவாங்க, மார்புக்கு பேட், தோள்ல பெரிய கை, கீழ அகலமான பாவாடை, நடுவுல இருக்கிறது தானா சிறுத்து தெரியும். போட்டோ வந்த பிறகு நெகடிவ்லயே இடுப்ப சுரண்டி சிறுசாக்கி குடுத்தாங்க, இப்போ போன்ல ஃபில்டர் போடுறோமே அதே வேலைதான்.

1860கள்ல லண்டன்ல பெண்களுக்கான மாத இதழ் ஒன்னு வந்துச்சி, அதோட வாசகர் கடித பகுதியில என்ன ஸ்கூல்ல அவ்ளோ இறுக்கினாங்க இவ்ளோ இறுக்கினாங்கன்னு கடிதம் மேல கடிதமா வந்துச்சி. அதுல பல கடிதம் கற்பனையில எழுதினதுன்னு இப்போ ஆராய்ச்சி பண்றவங்க நினைக்கிறாங்க. ஆனா பின்னாடி வந்த புத்தகங்க அதையே ஆதாரமா எடுத்துகிச்சி. நானும் வாசகர் கடிதத்துக்கு பதில் எழுதுறவ, அதனால இது எனக்கு மனசுல உறுத்திகிட்டே இருக்கும்.

இப்போ நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது. அந்த காலத்து பாவாடை கனத்த நினைச்சி பாரு, உள்பாவாடையே நாலு அஞ்சு, மேல பத்து கஜம் துணி, அத்தனையும் நாடா வச்சி இடுப்புல கட்டணும். கார்செட் இல்லாம அத கட்டினா நாடா ஒவ்வொன்னும் சதைய அறுக்கும். கார்செட் போட்டா அந்த கனம் ஒரே கோட்டுல விழாம உடம்பு சுத்தி பரவிடும், மார்பையும் தாங்கும், ஏன்னா பிரா அப்போ கிடையாது, பாரிஸ்ல எர்மினி கடோல்ங்கிற அம்மா 1889 வாக்குல கார்செட்ட ரெண்டா வெட்டி மேல் பகுதிய தனியாக்கினதுக்கு பிறகுதான் அது மெல்ல மெல்ல வந்துச்சி. வயல்ல வேலை செஞ்சவங்க, துணி வெளுத்தவங்க, வீட்டு வேலைக்காரிங்க கூட இத போட்டுகிட்டுதான் நாள் பூரா குனிஞ்சி நிமுந்தாங்க. அவங்கள அழகுக்காக உயிர விட்டவங்கன்னு ஒரே வார்த்தையில சொல்றது எனக்கு ஆறவே ஆறாது, நம்மள மாதிரி வேலை செஞ்ச பொம்பளைங்க அவங்க.

அதுக்காக கெடுதலே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப இறுக்கி கட்டினவங்க இருந்தாங்க, ஆழமா மூச்சு இழுக்க முடியாது, வருஷக்கணக்கா கட்டினதுல விலா எலும்பு வளைஞ்ச எலும்புக்கூடுங்க கிடைச்சிருக்கு. ஆஸ்திரியா மகாராணி எலிசபெத் அப்டி இறுக்கி கட்டினவங்க, அவங்க கதைய கேளு. 1898 செப்டம்பர்ல ஜெனீவா ஏரிக்கரையில ஒருத்தன் கூரான அரத்தால நெஞ்சுல குத்திட்டான், கார்செட் இறுக்கத்துல ரத்தம் வெளிய வரல, யாரோ இடிச்சி தள்ளினான்னு நினைச்சி எழுந்து நடந்து படகு ஏறிட்டாங்க, உள்ள போய் மயங்கின பிறகு கயித்த அறுத்து பாத்தாதான் காயமே தெரிஞ்சுது, அன்னிக்கே இறந்துட்டாங்க. அந்த காலத்து டாக்டருங்க காச நோய்க்கு கூட கார்செட்ட காரணம் சொன்னாங்க, அது கிருமியால வருதுன்னு 1882ல ராபர்ட் காக் கண்டுபிடிச்சி சொன்னாரு.

உன் பொண்ணு விஷயத்துக்கு வரேன். இடுப்பு அளவுலேந்து ரெண்டு இஞ்சுக்கு மேல குறைக்காதீங்க. மொத நாளே வீட்டுல அரை மணி நேரம் போட்டு, உக்காந்து எழுந்து ரெண்டு இட்லி சாப்பிட சொல்லு, முடியலன்னா கயித்த தளர்த்து. பீச் ரோடுல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஷூட்ட முடிச்சிடுங்க. மாமியாரையும் கூட கூட்டிகிட்டு போ, கயிறு அவங்க கையாலயே கட்டட்டும்.

மேடம், கார்செட்ல இடுப்பு சின்னதா தெரியணும்னு விலா எலும்பையே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்கன்னு வீடியோவுல பாத்தேன், உண்மையா?
– கல்லூரி மாணவர், வில்லியனூர்

அதுக்கு நம்பும்படியா ஒரு ஆதாரமும் கிடையாது தம்பி. மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ணலாம்னு பாஸ்டன்ல எல்லாருக்கும் முன்னால செஞ்சி காட்டினதே 1846ல, காயத்துல கிருமி சேராம பாத்துக்கற முறைய லிஸ்டர்ங்கிற டாக்டர் வெளியிட்டது 1867ல. கை காலுக்கு ஆபரேஷன் பண்ணினாலே சீழ் பிடிச்சி செத்துகிட்டிருந்த காலத்துல, நெஞ்ச திறந்து எலும்பு எடுத்துக்க யாரு வருவா.

திமிங்கல எலும்பு வச்சி தைச்சாங்கன்னு சொல்றாங்களே, அவ்ளோ கெட்டியான எலும்ப உடம்புல கட்டிகிட்டு எப்டி குனிவாங்க?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பேருதான் எலும்பு, எலும்பே இல்ல. பல்லு இல்லாத பெரிய திமிங்கலம் இருக்கே, அதோட மேல் தாடையில சீப்பு மாதிரி தட்டு தட்டா தொங்கும், தண்ணிய வடிகட்டி சின்ன இறாலையெல்லாம் பிடிச்சிக்கறதுக்கு. நம்ம நகம் எதால ஆனதோ அதே பொருள்தான். நீளமா கீத்து போட்டு வெட்டலாம், வளையும், உடையாது, சூட்டுல இளகும், உடம்பு சூட்டுக்கே போடுறவங்க வளைவுக்கு ஏத்த மாதிரி படிஞ்சிக்கும். தையல்காரியா எனக்கு அது பொறாமை வர்ற பொருள், ஆனா அதுக்காகவும் எண்ணெய்க்காகவும் அந்த ஜீவனுங்கள கொன்னு குவிச்சத நினைச்சா வயிறு எரியுது. பின்னாடி ஸ்டீல் பட்டை வந்துச்சி.

ஆள் வச்சி இழுத்து கட்டினதும் பொய்யா அக்கா? பணக்காரங்களுக்கு மட்டுந்தான் இதுன்னு நினைச்சிருந்தேன்.
– வாசகி, அரியாங்குப்பம்

பணக்கார வீட்டுல ஆள் இருந்தாங்க, உதவி பண்ணினாங்க. ஆனா 1829ல முன்பக்கம் ஹூக் மாதிரி மாட்டி கழட்டுற ஸ்டீல் பட்டைய பிரான்ஸ்ல கண்டுபிடிச்சாங்க, அது பரவின பிறகு பின் கயித்த தளர்த்திட்டு முன்னாடி மாட்டி, இடுப்புகிட்ட இருக்கிற ரெண்டு வளையத்த தானே இழுத்து கட்டிக்கலாம். அதுக்கு முன்ன கயிறு போற ஓட்டையெல்லாம் நம்ம காஜா மாதிரி கையால நூல் கட்டினது, மிருகத்தனமா இழுத்தா துணி கிழிஞ்சிடும். உலோக வளையம் அடிச்ச ஓட்டை 1820கள்லதான் வந்துச்சி. ஆம்பளைங்களும் போட்டாங்க, இங்கிலாந்து ராஜா நாலாம் ஜார்ஜ் தொப்பைய அடக்க கார்செட் போட்டவரு.

துப்ளே காலத்துல பாண்டிச்சேரி வெயில்ல பிரெஞ்சுக்கார அம்மாங்க இத எப்டி தாங்கினாங்க?
– வாசகர், லாஸ்பேட்டை

துப்ளே இங்க கவர்னரா இருந்தது 1742லேந்து 1754 வரைக்கும், அப்போ ஐரோப்பாவுல இருந்த உடுப்பு கூம்பு மாதிரி இருக்கும், இடுப்ப மணல் கடிகாரம் மாதிரி ஆக்காது, மார்ப தூக்கி முதுக நேரா வைக்கும் அவ்ளோதான். அத நேரா தோல் மேல போட மாட்டாங்க, உள்ள மெல்லிசா தொளதொளன்னு ஒரு லினன் சட்டை, வேர்வைய அது குடிச்சிக்கும், அத மாத்தி மாத்தி துவைப்பாங்க.

அம்மா, எனக்கு பாவாடை நாடா கட்டி கட்டி இடுப்ப சுத்தி கறுப்பா தழும்பு விழுந்திருக்கு. கார்செட் போட்டவங்களுக்கும் இப்டித்தான் ஆச்சா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

உன்னோடது கார்செட்ட விட மோசம் தாயி, ஏன்னா புடவை கனம் பூரா ஒரு விரல் அகல நாடாவுல தொங்குது. ரொம்ப அபூர்வமா அந்த தழும்பு புண்ணாகி, வருஷக்கணக்கா ஆறாம, தோல் புற்றுநோய் ஆனது நம்ம நாட்டு டாக்டருங்க பதிவு பண்ணியிருக்காங்க. பயப்படாத, ஆனா புண்ணு ரெண்டு மூணு வாரத்துல ஆறலன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டிடு. நாடாவ உருவி எடுத்துட்டு ரெண்டு இஞ்சு அகலத்துக்கு பட்டி வச்சி தைச்சி, பக்கவாட்டுல ரெண்டு ஹூக் வச்சிடு, வீட்டுல இருக்கிறப்போ கொஞ்சம் எறக்கி கட்டு. பட்டிக்கு வெட்டுற துணி காட்டனாவே இருக்கட்டும், பழைய வேட்டி இருந்தா அதுவே போதும்.