வெளியார் நிரல்களை மூஸுடன் இணைத்தல்: கேள்வி பதில்

ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2008-இல் தொடங்கி 2014-இல் திறமூலமாக்கப்பட்ட மூஸ், வெப்பம், இயக்கவியல், நியூட்ரான் பரவல் போன்றவற்றைச் சேர்த்துத் தீர்க்கும் மென்பொருள் சட்டகம். பிறர் எழுதிய நிரல்களை அதனுடன் இணைப்பவர்கள் கேட்ட ஐயங்களுக்கான விடைகள் இவை.

எங்கள் துறையின் பழைய ஃபோர்ட்ரான் வெப்பப்பாய்வு நிரலை மூஸில் புதிதாக எழுதித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ‘எக்ஸ்டெர்னல் ப்ராப்ளம்’ என்னும் வகுப்பு இதற்காகவே இருக்கிறது. தரவை அனுப்புவதும் பெறுவதும், வெளிநிரலை ஓட்டுவது, தீர்வு குவிந்ததா (மேலும் மாறாத விடையை எட்டியதா) என்று சொல்வது ஆகிய மூன்று செயற்கூறுகளை நீங்கள் எழுதினால் போதும். உண்மையான உழைப்பு உங்கள் நிரலில்தான். அதன் முதன்மை நிரலைத் தொடக்கம், ஒரு காலப்படி, முடிவு என்று மூன்று துணைநிரல்களாகப் பிரித்து நூலகமாக்க வேண்டும். பிழை நேரும் இடங்களில் ‘ஸ்டாப்’ கட்டளை இருந்தால் அதை நீக்குங்கள். இல்லையேல் அது மூஸையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

அணு உலையின் ஓர் எரிபொருள் கம்பிக்கு விடை சரியாக வருகிறது. பன்னிரண்டு கம்பிகளை ஒரே ப்ராசஸில் ஓட்டினால் எல்லாவற்றிலும் கடைசிக் கம்பியின் வெப்பநிலையே வருகிறதே?

ஃபோர்ட்ரானில் துணைநிரல்கள் பொதுவாகப் பகிரும் நினைவிடங்களான ‘காமன்’ தொகுதிகளைப் பாருங்கள். அவை ஒரு ப்ராசஸுக்கு ஒரே பிரதிதான் என்பதால், கம்பிக்கு ஒன்றாக மூஸ் ஓட்டும் பன்னிரண்டு துணைச் செயலிகளும் ஒரே நினைவிடத்தில் மாறி மாறி எழுதுகின்றன. மாறிகளை டிரைவ்ட் டைப்பில் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் தரவு வகை) அடைத்து, கம்பிக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே நிலையான தீர்வு.

மூஸுக்கான இணைப்புச் செயலியான கார்டினல் வழியாக, நியூட்ரான் கணக்கு நிரலான ஓபன்எம்சியை இணைத்தேன். அதற்குப் போகும் எரிபொருள் வெப்பநிலை மிகக் குறைவு. எரிபொருளைச் சுற்றியுள்ள உறைக்கோ எதுவுமே போகவில்லை. ஏன்?

ஓபன்எம்சி நீளத்தைச் சென்டிமீட்டரில்தான் அறியும். உங்கள் மெஷ் (வடிவத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரித்த வலை) மீட்டரில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். எரிபொருள் வில்லையின் ஆரம் 0.41 செ.மீ.; உறையின் வெளி ஆரமான 0.0047 மீட்டரை அது 0.0047 செ.மீ. என்று படித்தால், உறையின் உறுப்புகளும் ஓபன்எம்சியின் எரிபொருள் கலத்துக்குள்ளேயே (எரிபொருளுக்கான பகுதி) விழுந்து, இரண்டின் சராசரி எரிபொருளுக்குப் போகிறது. அளவு மாற்றக் காரணியை 100 ஆக்குங்கள். தொடக்கத்தில் அச்சாகும் கலம்-உறுப்பு அட்டவணையில் கனஅளவைக் கையால் சரிபார்க்காமல் நான் எந்தக் கணக்கையும் ஓட்டுவதில்லை; இதே தவற்றுக்கு ஒரு வாரத்தை இழந்தவன் நான்.

ஒவ்வொரு காலப்படியிலும் பிக்கார்ட் சுழற்சியை (இரு நிரல்களும் விடைகளை மாற்றிக்கொண்டு அதே படியைத் திரும்பத் தீர்ப்பது) நான்கு முறை ஓட்டுகிறேன். என் பாய்வு நிரல் நேரத்தில் முன்னே ஓடிவிடுகிறது.

இணைப்பில் மிகுதியாகக் கவனிக்கப்படாத இடம் இதுதான். சுழற்சியைத் திரும்பத் தொடங்கும்போது மூஸ் தன் தரவைப் படியின் தொடக்க நிலைக்கு மீட்டுக்கொள்ளும். வெளிநிரலின் உள்நிலை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே 0.1 வினாடிப் படியில் நான்கு சுழற்சிகள் முடியும்போது மூஸ் 0.1-லும் உங்கள் நிரல் 0.4-லும் நிற்கின்றன. படியின் தொடக்கத்தில் திசைவேகம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றோடு முந்தைய படிகளின் மதிப்புகளையும் படியெடுத்து வைத்து, ஒவ்வொரு சுழற்சிக்கு முன்பும் மீட்டுவையுங்கள். இரண்டாம் வரிசைக் கால முறை என்றால் முந்தைய படிகளை மறப்பது எளிது. விடை பார்வைக்குச் சரியாகவே தோன்றும் என்பதால் பிழையும் உடனே தெரியாது.

நியூட்ரான் கணக்கோடு இணைத்தால், குவிவு வரம்பு 10⁻⁶-ஐ எட்டுவதே இல்லை.

எட்டாது. ஓபன்எம்சி போன்ற மான்டே கார்லோ நிரல்கள் தற்செயல் எண்களைக் கொண்டு துகள்களைப் பின்தொடர்வதால், அவற்றின் விடையில் புள்ளியியல் இரைச்சல் உண்டு. அது துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும் என்பதால், பாதியாக்க நான்கு மடங்கு துகள்கள் தேவை. வரம்பை அந்த இரைச்சலுக்குச் சற்று மேலே வையுங்கள். சுழற்சிகளுக்கிடையே விடை ஊசலாடினால், வெப்ப உற்பத்தியில் புதிய மதிப்பையும் பழையதையும் பாதிப்பாதியாகக் கலந்து அனுப்பிப் பாருங்கள்.

மூலநிரல் இல்லாத வணிக நிரலை இணைக்க முடியுமா?

உள்ளீட்டுக் கோப்பு எழுதி, ஓட்டி, வெளியீட்டைப் படிக்கலாம். ஓர் ஓட்டம் பல நிமிடங்கள் பிடிக்கும் என்றால் கோப்புக்கான நேரம் பொருட்டே அல்ல. ஆனால் சுழற்சிக்கு முன் நிலையை மீட்க வேண்டுமே; அந்த நிரல் இடைநிலைக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கக்கூடியதா என்பதை உரிமம் வாங்குமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.